மொழி விட்டு மொழிக்கு ஸ்ட்ரிங் அனுப்புவது எப்படி: பைட் சிதறாமல், மெமரி ஒழுகாமல்

ரஸ்டில் எழுதிய லைப்ரரி ஒன்றைப் பைத்தானிலிருந்து கூப்பிடுகிறீர்கள். 'தமிழ்' என்ற சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்புகிறீர்கள். மறுபக்கம் போய்ச் சேர்ந்ததோ 'த' என்ற ஒரே எழுத்தும் அதன் பின்னால் இரண்டு உதிரி பைட்டும்தான். லைப்ரரியில் பிழை இல்லை, பைத்தானிலும் இல்லை. நீளம் 5 என்று பைத்தான் சொன்னது. ரஸ்ட் 5 பைட் எடுத்துக்கொண்டது. பைத்தானின் 5 யூனிகோடு எழுத்துக் கணக்கு: இகரக் குறியும் புள்ளியும் அதில் தனித்தனி எழுத்து. ரஸ்டுக்குத் தேவைப்பட்டதோ 15 பைட்.

'தமிழ்' என்ற இந்த ஒரு சொல்லின் நீளத்தை வெவ்வேறு மொழிகளில் கேட்டுப் பாருங்கள். யூடிஎஃப்-8 என்ற பைட் முறையில் வைத்திருந்தால் சி, கோ, ரஸ்ட், பிஎச்பி நான்கும் 15 என்கின்றன. பைத்தான் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 5 என்கின்றன. ஸ்விஃப்ட் 3 என்கிறது; நாம் பள்ளியில் எண்ணிய கணக்கு அதுதான்: த, மி, ழ். எல்லாமே அதனதன் கணக்கில் சரி. ஆங்கிலச் சொல்லை வைத்துச் சோதித்தால் எல்லா மொழியும் ஒரே எண்ணைச் சொல்லும், பிழை வெளியே தெரியாது. அதனால் இந்த வேலைக்குத் தமிழைவிட நல்ல சோதனைத் தரவு கிடைப்பது அரிது.

அடிப்படையில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்ட்ரிங் போவதே இல்லை, பைட்டுகள்தான் போகின்றன. ஸ்ட்ரிங் என்பது உரையை ஒவ்வொரு மொழியும் தன் வீட்டுக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு. சி மொழிக்கு அது ஒரு பாயின்டர், அதாவது மெமரி முகவரி; முடிவில் ஒரு சுழியம், அதாவது மதிப்பு 0 உள்ள பைட். ரஸ்டுக்குப் பாயின்டர், நீளம், கொள்ளளவு மூன்றும் சேர்ந்தது, உள்ளே இருப்பது யூடிஎஃப்-8தான் என்ற உறுதியோடு. கோ மொழியில் பாயின்டரும் நீளமும் மட்டும். யூடிஎஃப்-8 என்பது அங்கே வழக்கம், கட்டாயமில்லை. ஜாவா யூடிஎஃப்-16 கணக்கில், அதாவது 2 பைட் அலகுகளில், நடக்கிறது, ஆனால் 2017இல் வந்த ஜாவா 9 முதல் லத்தீன் எழுத்து மட்டுமே இருக்கும் ஸ்ட்ரிங்கை எழுத்துக்கு ஒரு பைட்டாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. பைத்தான் 3.3 முதல் ஒரு ஸ்ட்ரிங்கில் உள்ள மிகப் பெரிய யூனிகோடு எண்ணைப் பார்த்து எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் ஒதுக்குகிறது. இத்தனை வேறுபாட்டில் யாருடைய உள்ளமைப்பையும் நம்பி நேரே மெமரியைக் கொடுக்க முடியாது. எல்லையில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். அதில் நான்கு விஷயம் எழுதப்பட்டிருக்க வேண்டும்: எந்த என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை), நீளம் எந்த அலகில், மெமரி யாருடையது, தவறு நடந்தால் எப்படித் தெரிவிப்பது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். ரஸ்டில் 'எழுத்து_பிரி' என்று ஒரு ஃபங்ஷன். 'தமிழ்' கொடுத்தால் 'த|மி|ழ்' என்று திருப்பித் தர வேண்டும். உள்ளே போவது 15 பைட். இரண்டு நிறுத்துக்கோடு சேர்ந்து வெளியே வருவது 17 பைட். இதைப் பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று பல இடங்களிலிருந்து கூப்பிட வேண்டும்.

முதல் படி: யூடிஎஃப்-8 என்று முடிவு செய்து, பைட்டைக் கண்ணால் பாருங்கள்

என்கோடிங் எது என்பதில் நெடிய யோசனை தேவையில்லை. எல்லையில் யூடிஎஃப்-8. இரு பக்கமும் யூடிஎஃப்-16 பேசும் மொழிகளாக இருந்து, வேகம் உண்மையிலேயே நெருக்கடியாக இருந்தால் ஒழிய வேறு எதுவும் வேண்டாம். சி மொழியின் அகல எழுத்து வகையை எல்லையில் வைக்கவே வைக்காதீர்கள்: விண்டோஸில் அது 2 பைட், லினக்ஸில் 4 பைட்.

லினக்ஸில், மேக்கில் உள்ள 'ஓடி' கட்டளையிடம் ஒவ்வொரு பைட்டையும் பதின்ம எண்ணாகக் காட்டச் சொன்னால் 'தமிழ்' இப்படி விரியும்:

த: 224 174 164
ம: 224 174 174
இகரக் குறி: 224 174 191
ழ: 224 174 180
புள்ளி: 224 175 141

யூனிகோடில் தமிழுக்கான முதன்மைத் தொகுதி 2944 முதல் 3071 வரை. அதில் உள்ள எல்லா எழுத்துக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இந்த இரண்டு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாதிப் பிழைகளைக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்க இவை உதவும்.

'தமிழ் என்றால் 3 பைட்' என்று கோடில் எழுதி வைத்துவிடாதீர்கள். 2019இல் வந்த யூனிகோடு 12இல் தமிழ்ப் பின்ன எண்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் தனித் தொகுதி சேர்த்தார்கள். முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு, அங்கே 73664 என்ற எண்ணில் இருக்கிறது. யூடிஎஃப்-8இல் அது 240 145 191 128 என்று 4 பைட். யூடிஎஃப்-16இல் 55303, 57280 என்று இரட்டையாக வரும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இதன் நீளம் 2 என்று சொல்லும். பழைய நிலப்பத்திரங்களையும் கோயில் கணக்குகளையும் எண்ணிமப்படுத்துவோர் இந்தக் குறிகளைத்தான் தட்டுகிறார்கள். ஸ்மைலி படங்களுக்கு நேரும் கோளாறெல்லாம் இவற்றுக்கும் நேரும்.

இரண்டாம் படி: பாயின்டரும் பைட் நீளமும் சேர்ந்தே போகட்டும்

சுழியத்தில் முடியும் ஸ்ட்ரிங் சி மொழிக்குப் பழக்கமானது. என்றாலும் எல்லைக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நடுவில் ஒரு சுழியம் வந்தால் அதற்குப் பின்னால் உள்ளது எதுவும் கண்ணில் படாது, எச்சரிக்கையும் வராது. ரஸ்டில் சி-ஸ்ட்ரிங் உருவாக்கும்போது நடுவே சுழியம் இருந்தால் பிழை என்று திருப்பிவிடும். அது நல்லதுதான், ஆனால் அந்தப் பிழையைப் பார்க்காமல் 'அன்ராப்' போட்டு, பிழை வந்தால் புரோகிராம் விழட்டும் என்று விடுவோர் அதிகம். அதோடு பெரிய உரையின் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால், சுழியம் போட இடம் தேடி முழுத் துண்டையும் நகலெடுக்க வேண்டிவரும்.

ஆகவே நம் ஃபங்ஷனின் உள்ளீடு இரண்டு: பைட்டுகளின் பாயின்டர், பைட் எண்ணிக்கை. எண்ணிக்கையின் வகை சி மொழியின் 'சைஸ்_டி'. ஆவணத்தில் 'நீளம்' என்று மட்டும் எழுதாதீர்கள், 'பைட் நீளம்' என்று எழுதுங்கள். மாறியின் பெயரிலேயே பைட் என்ற சொல் இருந்தால் இன்னும் நல்லது.

வெற்று ஸ்ட்ரிங் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பல மொழிகள் வெற்று ஸ்ட்ரிங்கை அனுப்பும்போது சுழியப் பாயின்டரும் நீளம் 0வும் கொடுக்கும். சி ஷார்ப்பில் வெற்று அரேயை 'ஃபிக்ஸ்டு' போட்டுப் பிடித்தால் இதுதான் கிடைக்கும். ரஸ்டிலோ பாயின்டரிலிருந்து ஸ்லைஸ் (பாயின்டரும் நீளமும் சேர்ந்த பார்வை) உருவாக்கும்போது நீளம் 0 ஆனாலும் பாயின்டர் சுழியமாக இருக்கக் கூடாது. இருந்தால் அது வரையறைக்கு வெளியே போன நடத்தை: இன்று ஓடும், நாளை கம்பைலர் மாறினால் உடையும். எனவே ஃபங்ஷனின் முதல் வரியிலேயே நீளம் 0 என்றால் பாயின்டரைத் தொடாமல் வெற்று ஸ்லைஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வந்த பைட் முறையான யூடிஎஃப்-8தானா என்று சோதியுங்கள். ரஸ்டில் சோதிக்காமல் எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. எல்லையில் அது ஆகாது. சோதனைக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. சோதிக்காமல் விட்ட ஒரு கெட்ட பைட் ஐந்தாறு ஃபங்ஷன் தாண்டிப் போய் வெடித்தால், அது எங்கிருந்து வந்தது என்று தேட ஒரு நாள் போகும்.

மூன்றாம் படி: மெமரி யாருடையது?

உள்ளே போகும் ஸ்ட்ரிங்கில் சிக்கல் குறைவு. 'கூப்பிட்டவர் சொந்தக்காரர்; அழைப்பு முடியும் வரை மட்டும் நான் பார்ப்பேன், வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நகலெடுத்துக்கொள்வேன்' என்று எழுதி வைத்தால் போதும். வெளியே வரும் ஸ்ட்ரிங்கில்தான் ஒழுகலும் சிதறலும்.

எங்கள் முதல் தேர்வு: இடத்தைக் கூப்பிடுபவரே கொடுப்பது. பஃபரின் (விடை எழுத ஒதுக்கிய மெமரி) பாயின்டர், அதன் கொள்ளளவு, 'தேவையான பைட்' எண்ணை எழுத ஓர் இடம் என மூன்றையும் தருகிறார். இடம் போதுமென்றால் ஃபங்ஷன் நிரப்பிவிட்டு 0 திருப்பும். போதவில்லை என்றால் ஒரு பைட்டும் எழுதாமல், தேவை எவ்வளவு என்று மட்டும் குறித்துவிட்டுப் பிழை எண் திருப்பும். 'தமிழ்' அனுப்பி 16 பைட் பஃபர் கொடுத்தால் 'தேவை 17' என்று வரும். 17 ஒதுக்கி மறுபடி கூப்பிட வேண்டியதுதான். பாதி மட்டும் நிரப்பித் தரும் வேலையைச் செய்யவே கூடாது: 16 பைட்டில் வெட்டினால் கடைசிப் புள்ளியின் மூன்றாவது பைட் அறுந்துபோகும், பெறுபவர் பக்கம் யூடிஎஃப்-8 சோதனை தோற்கும். இந்த முறையில் மெமரியை ஒதுக்கியவரே விடுவிக்கிறார், சொந்தம் கைமாறுவதே இல்லை. எந்த மொழிக்கும் பொருந்தும்.

விடையின் அளவை முன்கூட்டிக் கணிக்க முடியாமல், கணக்கும் கனமாக இருந்தால் இரண்டு முறை கூப்பிடுவது வீண். அப்போது லைப்ரரியே மெமரி ஒதுக்கிக் கொடுக்கட்டும், கூடவே 'எழுத்து_விடுவி' என்று ஒரு விடுவிப்பு ஃபங்ஷனும் கண்டிப்பாக இருக்கட்டும். ரஸ்ட் ஒதுக்கியதைச் சி மொழியின் 'ஃப்ரீ' கொண்டு விடுவிக்கக் கூடாது. விண்டோஸில் இரண்டு டிஎல்எல் (லைப்ரரிக் கோப்பு) இரண்டும் சி மொழியில் எழுதப்பட்டவையாக இருந்தாலும், அவை வேறு வேறு ரன்டைமோடு இணைந்திருந்தால் ஒன்றின் ஹீப்பில் (ஓடும்போது ஒதுக்கும் மெமரிப் பகுதி) எடுத்ததை மற்றது விடுவிக்க முடியாது. புரோகிராம் அங்கேயே விழும், அல்லது இன்னும் மோசமாக, பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தமில்லாத இடத்தில் விழும்.

ரஸ்டில் புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று. சி-ஸ்ட்ரிங் ஒன்றை அதே வரியில் உருவாக்கி, அதே வரியில் 'ஆஸ்_பிடிஆர்' போட்டுப் பாயின்டரை எடுத்து வெளியே கொடுப்பார்கள். வரி முடிந்ததும் அந்தத் தற்காலிக ஸ்ட்ரிங் விடுவிக்கப்பட்டுவிடும். கையில் இருப்பது செத்த முகவரி. சோதிக்கும்போது பல நேரம் சரியான விடையே வரும், ஏனென்றால் அந்த மெமரியை இன்னும் யாரும் மேலெழுதவில்லை. கம்பைலர் இதற்கு எச்சரிக்கை கொடுக்கிறது, அதை மதியுங்கள். சொந்தத்தைக் கைமாற்ற வேண்டுமென்றால் 'இன்டூ_ரா'. திரும்பப் பெற்று விடுவிக்க 'ஃப்ரம்_ரா'.

நான்காம் படி: பிழையை எண்ணாகச் சொல்லுங்கள்

எக்செப்ஷனோ பேனிக்கோ (ரஸ்ட் ஓட்டத்தை இடையில் முறிக்கும் பிழை) எல்லையைத் தாண்டக் கூடாது. 0 என்றால் வெற்றி, -1 தவறான பாயின்டர், -2 யூடிஎஃப்-8 இல்லை, -3 இடம் போதவில்லை, -4 உள்ளே எதிர்பாராத கோளாறு. இவ்வளவு போதும். ரஸ்ட் 1.81 முதல் சி அழைப்பு முறையில் உள்ள ஃபங்ஷனிலிருந்து பேனிக் வெளியேற முயன்றால் புரோகிராமே நிறுத்தப்படும். பைத்தான் பயனர் பார்வையில் அது விளக்கமில்லாத மரணம். உள்ளே 'கேட்ச்_அன்வைண்டு' வைத்துப் பிடித்து -4 திருப்புங்கள்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு மொழிப் பக்கமும்

பைத்தானில் 'சிடைப்ஸ்' போதும். ஸ்ட்ரிங்கை முதலில் யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றி ஒரு மாறியில் வையுங்கள். நீளத்தை அந்தப் பைட் மாறியிலிருந்து எடுங்கள், மூல ஸ்ட்ரிங்கிலிருந்து எடுக்காதீர்கள். முகப்பில் சொன்ன 'த' மட்டும் போன கதை இங்கேதான் நடக்கிறது. 'ஆர்க்டைப்ஸ்' (உள்ளீட்டு வகைகள்), 'ரெஸ்டைப்' (திரும்பி வரும் வகை) இரண்டையும் எழுதாமல் ஃபங்ஷனைக் கூப்பிடவே வேண்டாம். எழுதாவிட்டால் திரும்பி வருவது 32 பிட் முழு எண் என்று பைத்தான் நினைத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் பாயின்டரின் மேல்பாதி வெட்டுப்படும். பஃபருக்கு 'கிரியேட்_ஸ்ட்ரிங்_பஃபர்' பயன்படுத்துங்கள். சாதாரணப் பைட் பொருளுக்குள் லைப்ரரியை எழுத விடாதீர்கள், பைத்தானில் அது மாறாப் பொருள். விடையை எடுக்கும்போது பஃபரின் 'வேல்யூ'வைக் கேட்டால் முதல் சுழியத்தோடு நின்றுவிடும். 'ரா'வை எடுத்து, தேவையான நீளத்துக்கு வெட்டி, பிறகு யூடிஎஃப்-8 ஆகப் படியுங்கள்.

லைப்ரரி மெமரி ஒதுக்கித் தரும் முறை என்றால் 'ரெஸ்டைப்' ஆக 'சி_சார்_பி' போடாதீர்கள். பைத்தான் உதவி செய்வதாக நினைத்து அதை உடனே பைட்டாக மாற்றிக் கொடுத்துவிடும், மூலப் பாயின்டர் கையை விட்டுப் போய்விடும், விடுவிக்க வழியே இல்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு துளி ஒழுகல். 'சி_வாய்ட்_பி' போட்டு, 'ஸ்ட்ரிங்_அட்' கொண்டு நீளத்தோடு படித்து, பிறகு விடுவிப்பு ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்.

ஜாவாவிலும் ஆண்ட்ராய்டிலும் ஜேஎன்ஐ (ஜாவாவைப் பிற மொழிக் கோடோடு இணைக்கும் ஏற்பாடு) வழி வருவோர் கவனிக்க வேண்டியது பெரிது. அதில் 'யூடிஎஃப்' என்று பெயரில் வரும் ஃபங்ஷன்கள் தருவது உண்மையான யூடிஎஃப்-8 இல்லை, திருத்திய யூடிஎஃப்-8. சுழியத்தை அது 192 128 என்று இரண்டு பைட்டாக எழுதும். முதன்மைத் தளத்துக்கு (யூனிகோடின் முதல் 65536 இடம்) வெளியே உள்ள எழுத்தை யூடிஎஃப்-16 இரட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மூன்று பைட்டாக எழுதும். நம் முந்திரி 240 145 191 128 என்று வருவதற்குப் பதில் 237 160 135 237 191 128 என்று 6 பைட்டாக வந்து நிற்கும். ரஸ்ட் அதைச் செல்லாது என்று தள்ளிவிடும். அன்றாடத் தமிழ் எழுத்துகளில் இரண்டும் ஒன்றே என்பதால் மாதக்கணக்கில் பிழை தெரியாமல் ஓடும். வழி எளிது: ஜாவா பக்கமே யூடிஎஃப்-8 என்று பெயர் குறிப்பிட்டு 'கெட்பைட்ஸ்' செய்து, பைட் அரேயாக அனுப்பி, பைட் அரேயாகவே வாங்குங்கள். பெயர் குறிப்பிடாத 'கெட்பைட்ஸ்' 2022இல் வந்த ஜேடிகே 18க்கு முன்னால் அந்தந்தக் கணினியின் இயல்பு என்கோடிங்கை எடுத்துக்கொண்டது.

ஜாவாஸ்கிரிப்ட் வெப்அசெம்பிளி (பிற மொழிக் கோடைப் பிரவுசரில் ஓட்டும் வடிவம்) வழி கூப்பிடும். 'டெக்ஸ்ட்என்கோடர்' கொண்டு பைட்டாக்கி, லைப்ரரி வெளிக்காட்டும் ஒதுக்கீட்டு ஃபங்ஷனில் இடம் வாங்கி, அங்கே நகலெடுக்க வேண்டும். இங்கே விழும் குழி: மெமரியின் பார்வையாக ஒரு அரேயை முன்பே எடுத்து வைத்திருப்பீர்கள், இடையில் ஏதோ ஓர் அழைப்பில் மெமரி வளர்ந்தால் பழைய பஃபர் கழன்றுவிடும், அரேயின் நீளம் 0 ஆகிவிடும். ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் பார்வையைப் புதிதாக எடுங்கள். திரும்பப் படிக்கும் 'டெக்ஸ்ட்டிகோடர்' இயல்பாகவே கெட்ட பைட்டை மாற்றுக்குறி போட்டு மூடிவிடும். 'ஃபேட்டல்' என்ற தெரிவை இயக்கினால் பிழை எழுப்பும். இயக்குங்கள்.

கோ மொழியில் 'சிஸ்ட்ரிங்' உருவாக்கினால் அது சி ஹீப்பில் நகலெடுக்கும். குப்பை சேகரிப்பான் அதைத் தொடாது, நீங்களே விடுவிக்க வேண்டும். சி ஷார்ப்பில் பழைய 'டிஎல்எல்இம்போர்ட்' இயல்பாக ஆன்சி என்கோடிங், அதாவது கணினியின் பழைய கோட் பேஜ் (பைட்டுக்கு எழுத்து காட்டும் அட்டவணை), எடுக்கும். விண்டோஸில் ஆன்சி கோட் பேஜாக அமைத்துக்கொள்ளத் தமிழுக்கு ஒன்று இல்லவே இல்லை, ஆகவே தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகும். டாட்நெட் 7 முதல் உள்ள 'லைப்ரரிஇம்போர்ட்' எடுத்து, யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: இரண்டும் தனித்தனி புரோசஸ் என்றால்

ஒரே மெமரிக்குள் இல்லாமல் பைப் வழியாகவோ சாக்கெட் வழியாகவோ பேசும்போது யார் விடுவிப்பது என்ற கவலை ஒழிகிறது. பதிலுக்கு, ஒரு செய்தி எங்கே முடிகிறது என்ற கேள்வி வருகிறது.

பைப்பிலிருந்து படிக்கும்போது துண்டு துண்டாகத்தான் வரும். பஃபர் அளவு 4096, 8192, 65536 என்று பொதுவாக 2இன் அடுக்கு. 2இன் எந்த அடுக்கும் 3ஆல் வகுபடாது. அதாவது இடைவெளியில்லாத தமிழ் உரையைப் படித்தால் 4096ஆவது பைட்டில் ஓர் எழுத்து கட்டாயம் பிளவுபடும்: 1365 எழுத்து முழுசாக, 1366ஆவதன் முதல் பைட் இந்தத் துண்டில், மீதி இரண்டு அடுத்த துண்டில். துண்டு வந்ததும் வந்ததுமாக ஸ்ட்ரிங்காக மாற்றினால் நீண்ட உரையில் ஆங்காங்கே கறுப்புச் சாய்சதுரக் கேள்விக்குறிகள் முளைக்கும், சின்ன உரையில் எதுவும் நடக்காது. 'சில நேரம் மட்டும் வருகிறது' என்று சொல்லப்படும் பிழைகளில் இது முதலிடம். எல்லா பைட்டையும் சேர்த்த பிறகு மாற்றுங்கள், அல்லது மீதியை நினைவில் வைத்துக்கொள்ளும் டிகோடரைப் பயன்படுத்துங்கள்: நோடில் 'ஸ்ட்ரிங்டிகோடர்', பைத்தானில் 'கோடெக்ஸ்' தரும் படிப்படி டிகோடர்.

செய்தியின் எல்லையைக் குறிக்க நாங்கள் பரிந்துரைப்பது முன்னால் 4 பைட்டில் நீளம், பின்னால் அத்தனை பைட். குரோம் பிரவுசர் வெளிப் புரோகிராமோடு பேசுவது இப்படித்தான். கோடு எடிட்டர்கள் மொழி சர்வரோடு பேசும் எல்எஸ்பி நெறிமுறையில் நீளம் தலைப்பு வரியில் பதின்ம எண்ணாக வரும், அதுவும் பைட் கணக்கு. கோப்பில் ஒரு தமிழ்க் குறிப்புரை இருந்ததும் திணறும் சர்வர்கள் பெரும்பாலும் பைட்டுக்குப் பதில் எழுத்தை எண்ணியவை. அதே எல்எஸ்பியில் வரிக்குள் இடத்தைச் சொல்லும் எண் மட்டும் இயல்பாக யூடிஎஃப்-16 கணக்கு. ஒரே நெறிமுறையில் இரண்டு அலகு. ஆவணத்தைப் படிக்காமல் ஊகிக்காதீர்கள்.

விண்டோஸில் வெளியீட்டை பைனரி முறைக்கு மாற்ற மறக்கக் கூடாது. மாற்றாவிட்டால் 10 என்ற ஒவ்வொரு பைட்டும் 13 10 ஆக மாறிவிடும். செய்தியின் நீளமே 10 என்று வந்தால் தலைப்பே கெடும்.

ஜேசான் அனுப்பினால் யூடிஎஃப்-8, முன்னால் பிஓஎம் குறி (என்கோடிங்கைக் காட்ட உரையின் தொடக்கத்தில் வைப்பது) கூடாது. 2017இன் ஜேசான் தரநிலை இரண்டையும் சொல்கிறது. பைத்தானின் ஜேசான் மாட்யூல் இயல்பாக ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பின்சாய்கோடு போட்ட 6 பைட் குறியாக எழுதும். தவறில்லை, எல்லாரும் படித்துவிடுவார்கள். 15 பைட் 30 ஆகும், லாகில் மனிதரால் படிக்க முடியாது. 'என்ஷ்யூர்_ஆஸ்கி'யை அணைத்தால் நேரடித் தமிழாக வரும்.

விண்டோஸில் பைத்தான் பைப்புக்கு எழுதும்போது யூடிஎஃப்-8 எடுக்காமல் கணினியின் கோட் பேஜை எடுப்பதுண்டு. 'பைத்தான்யூடிஎஃப்8' என்ற சூழல் மாறியை 1 ஆக்குங்கள். ஆக்காதவர்கள் படிக்கும் பக்கத்தில் பார்க்கும் பிழைச் செய்தி கிட்டத்தட்ட எப்போதும் 141 அல்லது 129ஆம் பைட்டைக் குறை சொல்லும். காரணம் சுவையானது: விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடமும் காலி. தமிழ்ப் புள்ளியின் கடைசி பைட் 141, உகரக் குறியின் கடைசி பைட் 129. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் ஏது?

ஏழாம் படி: ஒரே தோற்றம், வேறு பைட்

பைட் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒப்பீடு தோற்கலாம். 'கொடி' என்பதில் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாக எழுதலாம்; 3014, 3006 என்று ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். பழைய மேக் கோப்பு முறையான எச்எஃப்எஸ்+ கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த பெயரைத் தரவுத்தளத்தில் தேடினால் கிடைக்காது. எல்லையில் உள்ளே வரும் இடத்தில் ஒருமுறை என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றுங்கள். எந்தப் பக்கம் மாற்றுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்; நீளம் மாறும் என்பதால் இடக் கணக்குகளை அதற்குப் பிறகே எடுக்க வேண்டும்.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. 'கௌதமன்' என்பதில் ஔகாரக் குறி 3020. பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டி 'கெளதமன்' என்று எழுதிவிடுவார்கள். யூனிகோடு பார்வையில் இவை இரண்டும் வேறு சொற்கள், எந்த இயல்பாக்கமும் சேர்க்காது. 'ஸ்ரீ'யும் ஸகரத்தில் ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் ஒன்று என இரண்டு விதம். பழைய தமிழ் என்கோடிங்கான டிஸ்கி கோப்புகளில் 'கொ' என்பது கண்ணில் தெரியும் வரிசையிலேயே கொம்பு, க, கால் என்று இருக்கும். பைட்டுக்கு பைட் அட்டவணை போட்டு மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். லினக்ஸின் 'ஐகான்வ்' டிஸ்கியை அறியும், அதையே பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: பைட்டைப் பார்த்துப் பிழையைச் சொல்வது

திரையை நம்பாதீர்கள், ஃபான்ட், டெர்மினல், லாக் பார்வையான் எல்லாமே தம் பங்குக்குக் குழப்பும். 'தமிழ்' என்று அனுப்பி, பெற்ற பக்கம் முதல் சில பைட்டை அச்சிடுங்கள்.

224 174 164: சரி.
195 160 194 174 194 164: யூடிஎஃப்-8ஐ லத்தீன் என்று படித்து மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். 15 பைட் 30 ஆகியிருக்கும். திரையில் பதிவு வணிகக்குறி வட்டங்களாகக் கொட்டும். மீட்கலாம், அதே வழியில் பின்னோக்கிப் போக வேண்டும்.
164 11 174 11: யூடிஎஃப்-16. முன்னால் 255 254 இருந்தால் ஐயமே இல்லை.
239 187 191, பிறகு சரியான தமிழ்: பிஓஎம் ஒட்டிக்கொண்டது. அந்த மூன்றை நீக்கினால் போதும்.
92 117 48 98 97 52: ஜேசான் குறி அவிழ்க்கப்படாமல் அப்படியே வந்திருக்கிறது.
239 191 189: மாற்றுக்குறி. எங்கோ ஒரு டிகோடர் பைட்டைத் தொலைத்துவிட்டது, இந்த நகலிலிருந்து மீட்க முடியாது.
63 63 63: கேள்விக்குறிகள். இதையும் மீட்க முடியாது, ஆனால் எண்ணிப் பாருங்கள். 5 இருந்தால், எழுத்தை எழுத்தாக அறிந்த பக்கம், அதாவது அனுப்பியவர் பக்கம், பைட்டாக்கும்போது தொலைந்தது. 15 இருந்தால் பைட்டாக வந்து சேர்ந்த பிறகு பெறுபவர் தொலைத்தார்.

இந்தச் சோதனையைக் கையால் ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தாமல், தானியங்கிச் சோதனையாக எழுதி, ஒவ்வொரு மொழிப் பக்கமும் அதே தொகுப்பை ஓட்டுங்கள். தொகுப்பில் இவை இருக்கட்டும்: வெற்று ஸ்ட்ரிங், 'தமிழ்', சேர்ந்த 'கொடி', பிரிந்த 'கொடி' இரண்டும், முந்திரிக் குறி, நடுவில் சுழியம் உள்ள ஒரு ஸ்ட்ரிங், இடைவெளியின்றி 1366 ககரம், அதாவது 4098 பைட், கடைசி பைட் வெட்டப்பட்ட 14 பைட் 'தமிழ்', இதற்கு -2 மட்டுமே சரியான விடை. பஃபர் முறை என்றால் 16 பைட், 17 பைட் இரண்டு அளவிலும் ஒருமுறை. மெமரி ஒதுக்கித் தரும் முறை என்றால் ஒரே அழைப்பைப் பத்து லட்சம் முறை ஓட்டி, புரோசஸின் மெமரி அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஓர் அழைப்புக்கு 17 பைட் ஒழுகினாலும் அது 1.7 கோடி பைட், கண்ணில் படாமல் போகாது.